ஒன்பது வருட அக்குவாவைக் கொடுக்கிறேன்

முன்பு என்னோடு யாழ்ப்பாணத் தீவுப் பகுதியான ஊர்காவற்றுறையில் படிப்பித்து, இப்போது உரும்பிராய்க்கு மாற்றலாகிப் போயிருக்கும் தங்கச்சி ஒருத்தி போன வாரம் கேட்டாள். "அக்கா, உங்களுடையதும் என்னுடையதும் ஒரே 2014 அக்குவா. நீங்கள் மாற்றுகிறீர்கள் என்றால் நானும் மாற்றவா?" அக்குவா என்பது பெற்றோலிலும் மின்சாரத்திலும் ஓடும் ரொயோற்றா ஹைபிரிட் கார். தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் மாற்றும் யோசனைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறேன். போன மாதம் முன்பக்க ரயர் ஒன்று காற்றுப் போய்விட்டது. ரயர்க் கடைத் தம்பி ஜாக்கை வைக்க வேண்டிய இடத்தில்தான் வைத்தார். கார் எழும்பவில்லை. ஜாக்தான் உள்ளே போனது, பொரித்த அப்பளத்தை நொறுக்கும் சத்தத்தோடு. அவர் ஜாக்கை இறக்கிவிட்டுக் கைவிளக்கைப் பிடித்துப் பார்த்தார். "ரீச்சர், இதற்குள் தகடே இல்லை" என்றார். கதவுகளுக்குக் கீழே ஓடும் அந்த நீளச் சட்டம் வெளியே பார்த்தால் வெள்ளை வெளேர் என்றிருக்கிறது. உள்ளே செம்பொடி.

கார் எப்படி ஓடியது என்று கேட்டால், ஒரு குறையும் என்னால் சொல்ல முடியாது. 2017இல் வாங்கும்போது 38,000 கிலோமீற்றர் ஓடியிருந்தது. இன்றைக்கு 1,52,000. இந்த இடைவெளியில் எஞ்சினுக்காக நான் செலவழித்ததெல்லாம் ஒயில், வடிகட்டி, பிளக் மட்டுமே. ஹைபிரிட் பற்றரி இன்னமும் பழையதுதான். பலர் அந்தப் பற்றரிக்குப் பயந்தே இந்தக் காரை வாங்காமல் விடுகிறார்கள். பின் இருக்கைக்குக் கீழே இருக்கும் அந்த நிக்கல் பற்றரி சூடானால் சீக்கிரம் சாகும். அதைக் குளிர்விக்க ஒரு சிறு விசிறி காருக்குள் இருக்கும் காற்றையே இழுக்கிறது. எங்கள் வீதிப் புழுதி அந்தத் துவாரத்தை அடைத்துவிட்டால் விசிறி சுற்றியும் பயனில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதைக் கழற்றித் துப்புரவாக்குவேன். துவாரத்துக்கு முன்னால் புத்தகப் பையோ மரக்கறிப் பையோ வைக்க யாரையும் விடமாட்டேன், அம்மாவைக்கூட. பிள்ளைகளின் பயிற்சிக் கொப்பிக் கட்டுகள் எப்போதும் முன் இருக்கையில்தான்.

பெற்றோல் ஒரு லீற்றருக்கு 21 கிலோமீற்றர். ஜப்பானில் சொல்லும் 37 எல்லாம் பரிசோதனைக்கூடக் கணக்கு. இங்கே ஏசி இல்லாமல் ஓட முடியாது. 21 போதும். அது போதும் என்பதை 2022இன் எரிபொருள் தட்டுப்பாடு எனக்குக் காட்டியது. பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வரும் முன் மனிதர்கள் இரவு இரவாக வரிசையில் படுத்துக் கிடந்தார்கள். யூலையில் கியூஆர் வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றார்கள். பெரிய கார் வைத்திருந்தவர்களுக்கு அது மூன்று நாளுக்கும் வரவில்லை. எனக்கு 20 லீற்றரில் 400 கிலோமீற்றர் ஓடியது. பாடசாலைக்குப் போய்வர நாற்பது கிலோமீற்றரை ஒட்டி வரும். ஐந்து நாளும் ஓடி, பாதி மிச்சம். பஸ் நின்றுபோன அந்த மாதங்களில் இன்னும் மூன்று ஆசிரியைகள் என்னோடுதான் தீவுக்கு வந்தார்கள். ஒரு நாள்கூட வகுப்புத் தவறவில்லை. அந்த நன்றி எனக்கு இந்தக் காரிடம் என்றைக்கும் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காலை ஆறரைக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து தீவுக்குப் போகும் பண்ணைப் பாலத்தில் ஏறியதும் வேகத்தைச் சற்றுக் குறைத்தால் எஞ்சின் தானாக நின்று, கார் மின்சாரத்தில் மட்டும் போகும். கடலேரியில் மீன் பிடிக்க நட்டிருக்கும் களங்கண்டிக் கம்புகள், அவற்றின் மேல் நீர்க்காகங்கள். காரின் சத்தத்துக்கு ஒன்றுகூட எழும்பிப் பறக்காது. இந்த ஒன்றுக்காகவே சில நாட்களில் ஐந்து நிமிடம் முந்தி வெளிக்கிடுவேன்.

அதே பாலம்தான் காரைத் தின்றது. வைகாசியில் தென்மேற்குக் காற்றான சோளகம் தொடங்கினால் கடல் தண்ணீர் புகையாக எழும்பி வீதிக்கு மேலே வரும். வீட்டுக்கு வந்து பார்த்தால் கண்ணாடியில் வெள்ளைப் படலம். மேலே படிவது கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். அடியில் படிவது தெரியாது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு இரவு முழுவதும் தகட்டை நனைத்தபடியே வைத்திருக்கும். வெயிலில் நிறுத்தினாலும் மடிப்புகளுக்குள் இருக்கும் ஈரம் காயாது.

நான் கழுவாமல் விடவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் மோட்டாரைப் போட்டு, குழாயை அடியில் பிடித்துக் கழுவினேன். ஒன்பது வருடம். எங்கள் வளவுக் கிணறு கடலேரிக்குக் கிட்ட இருக்கிறது, தண்ணீர் சவர், உப்புக் கலந்தது. குடிக்க அந்தத் தண்ணீரை எடுப்பதில்லை, சோறும் வைப்பதில்லை. சவர்த் தண்ணீரில் உடுப்புத் தோய்த்தால் சவர்க்காரம் நுரைக்காது என்று எனக்குத் தெரியும். அதே தண்ணீரால் உப்பைக் கழுவுகிறேன் என்று ஒன்பது வருடம் எனக்கு உறைக்கவே இல்லை. ரயர்க் கடைத் தம்பி "எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள்?" என்று கேட்டபோது நெஞ்சு அடைத்துவிட்டது.

எனக்குக் கோபம் வேறொரு இடத்தில் இருக்கிறது. 2020இல் ஒரு வேலைத்தலத்தில் அடிப்பாகத்துக்குத் தார்ப்பூச்சு அடித்தேன். பெயரை எழுதமாட்டேன். காலையில் விட்டு மாலையில் எடுத்தேன். கறுப்பாக, அழகாக இருந்தது. பிறகு தெரிந்தது, கழுவிய ஈரம் காயுமுன், ஏற்கனவே இருந்த துருவைச் சுரண்டாமல், அதன் மேலேயே அடித்திருக்கிறார்கள். அதைவிட மோசம், சட்டத்தின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்று விட்டிருக்கும் சிறு துளைகளையும் சேர்த்து மூடிவிட்டார்கள். உள்ளே போன தண்ணீர் உள்ளேயே நின்றது. ஆறு வருடம். துளையைத் திறந்து வைப்பதற்கு ஒரு தீக்குச்சி போதும். அந்த அளவு கவனம்கூட எடுக்காத வேலைக்கு நான் பில் கட்டி, நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன்.

அப்பாவின் ஒஸ்ரின் நினைவுக்கு வருகிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில், ஸ்ரார்ட் எடுப்பதற்கு மட்டும் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய கார் அது. வாடைக்காற்றுக்கு முன் அப்பா சாக்கை விரித்துக் கீழே படுத்து, கழித்த எஞ்சின் ஒயிலைத் தூரிகையால் அடி முழுவதும் பூசுவார். ஒயில் மடிப்புக்குள் ஊர்ந்து போகும், தார் போகாது. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த விவகாரத்துக்குப் பிறகு அப்படி வளவில் ஒயில் சிந்த எனக்கு மனம் வராது. ஆனால் அவர் சரியான காரியத்தைத்தான் செய்திருக்கிறார். இப்போது அதே வேலையைச் செய்ய மெழுகுப் பூச்சு இருக்கிறது.

கணக்குக்கு வருகிறேன். டிங்கர் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் இரண்டு பக்கச் சட்டத்தையும் வெட்டி எடுத்துப் புதுத் தகடு ஒட்டித் தர இரண்டு இலட்சம் கேட்டார். பழைய காரை வாங்கி விற்கும் கார் சேலில் உடைந்த இடத்தை நானே காட்டினேன். காட்டாமல் விற்றால் அடுத்து அதில் ஏறுகிறவர்களுக்கு யார் பொறுப்பு? அதைக் கழித்துக்கொண்டு விலை சொன்னார்கள். 2018இல் தயாரித்த, முகம் மாறிய அதே அக்குவா ஒன்றுக்கு நான் மேலே 24 இலட்சம் போட வேண்டும். 2021இல் வந்த இரண்டாம் தலைமுறை அக்குவாவிலும் ஏறி இருந்து பார்த்தேன். 2025 மாசியில் இறக்குமதி திறந்த பிறகு வந்தது. இன்னும் அமைதி, இன்னும் நல்ல இழுவை. ஆனால் சுங்கமும் உற்பத்தி வரியும் பெறுமதிசேர் வரி (வற்) 18 வீதமும் ஏறிய விலைக்கு ஆசிரியைச் சம்பளம் எட்டாது. அது வருடத்துக்கு மிச்சப்படுத்தும் பெற்றோல் என் ஓட்டத்துக்கு நாற்பதாயிரம் ரூபா வரும். அதைக் காட்டி யாரும் இவ்வளவு பணத்தைப் போடக் கூடாது.

இரண்டு இலட்சமா, 24 இலட்சமா? காகிதத்தில் பதில் கிடக்கிறது. எஞ்சின் நல்லது, பற்றரி நல்லது, இருக்கை கிழியவில்லை. ஒட்டிக்கொண்டு இன்னும் ஐந்து வருடம் ஓடலாம். என் கணவரும் அதைத்தான் சொல்கிறார்.

ஆனாலும் கொடுக்கப்போகிறேன். ஜாக் உள்ளே போன நாளிலிருந்து காலையில் காரடிக்கு வந்ததும் குனிந்து அடியைப் பார்க்கிறேன். பாலத்தில் ஒரு சின்னக் குழியில் இறங்கினாலும் எங்கே எது விடுகிறதோ என்று காது போகிறது. நீர்க்காகங்களைப் பார்க்கும் ஆறரை மணி எனக்கு இல்லாமல் போய்விட்டது. புதுத் தகடு ஒட்டினால் ஒட்டிய இடத்தை நம்புவேன். ஒட்டாத இடத்தை எப்படி நம்புவது? பின்னால் அம்மாவை இருத்திக்கொண்டு அந்த யோசனையோடு என்னால் ஓட்ட முடியாது.

ஜப்பானில் ஏலத்தில் விற்கும்போது காரின் நிலையைக் குறித்துக் கொடுக்கும் ஏலத்தாளை, 2018 காருடையதை, எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டேன். அதில் 'எஸ்' என்றால் துரு, 'சி' என்றால் அரிப்பு. பனி கொட்டும் ஊர்களில் வீதிக்கு உப்புப் போடுவார்கள், அங்கே ஓடிய கார் துருவோடுதான் இறங்கும். இதில் இரண்டு எழுத்தும் இல்லை. என் கையால் வடிதுளைகளைக் குச்சி விட்டுப் பார்த்தேன், எல்லாம் திறந்திருக்கின்றன. வெள்ளிக்கிழமை மாற்றுகிறோம்.

தங்கச்சி, நீ மாற்றாதே. உன் கார் என்னுடையதைப் போல ஒன்பது வருடம் பாலம் ஏறியதில்லை, உன் வீடு கோப்பாயில். ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் சட்டம் நெடுகத் தட்டிப் பார். கணீர் என்று கேட்டால் விட்டுவிடு; மொத்தென்று கேட்டால் எனக்குச் சொல். விசிறித் துவாரத்தைத் துப்புரவாக்க நான் வந்து காட்டித் தருகிறேன்.

பதிலுக்கு ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுக் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு. சனிக்கிழமைகளில் காரைக் கொண்டுவந்து அங்கே கழுவட்டுமா? உன் அம்மாவிடம் கேட்டுச் சொல்.