ஏரிக்கரையில கேரவன் பார்க்னு விளம்பரம் வந்தா பணம் கட்டிடாதீங்க - கடலூர், பாண்டிக்காரங்க கவனத்துக்கு

கோவம் இன்னும் அடங்கலை, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்குங்க. 18,500 ரூபாய் போச்சு. புகார் கொடுத்திருக்கிறதால பேர் எதையும் இங்க போடலை. டூர், ரூம் எல்லாம் புக் பண்ற ஆப் ஒண்ணு, அதுக்குள்ள கேரவன் வாடகைக்கு விடுறதா சொல்லிக்கிற பார்ட்டி ஒண்ணு. இவ்வளவு போதும், மாட்டினவங்களுக்குப் புரியும். என்னென்ன பார்த்துக் கட்டணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

பொங்கல் லீவுக்குப் பிள்ளைங்களை எங்கயாவது கூட்டிட்டுப் போகணும். சில்வர் பீச், பிச்சாவரம் படகு, வீராணம் கரை எல்லாம் பார்த்தாச்சு. அப்பதான் பாண்டிப் பக்கத்துல இருக்கிற ஊசுட்டேரி பத்தி அந்த விளம்பரம். "ஊசுட்டேரிக் கரையில் கேரவன் பார்க், ஒரு ராத்திரி, குடும்பத்தோடு." ஒவ்வொரு வண்டிக்கும் தனி இடம், கரண்ட் பாயிண்ட், தண்ணிக் குழாய், டாய்லெட் கழிவைக் காலி பண்ணத் தனித் தொட்டி, வெளியில நாற்காலி போட்டு அடுப்பு மூட்ட மேடை. வெளிநாட்டு ஏரிக்கரைப் பூங்காவில எல்லாம் இப்படித்தான் இருக்கும், படத்துல பார்த்திருக்கோம். நம்ம ஊர்ல கேரவன்னா ஷூட்டிங்ல நடிகர்கள் உட்கார்ற வண்டிதான். ஆனா கேரளாவுல 2021லயே கேரவன் டூரிசம்னு ஆரம்பிச்சு, அடுத்த வருஷம் வாகமண்ல பார்க்கே திறந்துட்டாங்க. அங்க வந்தது இங்க வராதான்னுதான் தோணுச்சு.

ஆப்ல பணம் கட்டுற பட்டனை அழுத்தினா அது நேரா அந்த கேரவன் பார்ட்டியோட வாட்ஸ்அப்புக்குப் போகுது. இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வரும். அவனே வீடியோ கால் போட்டான். வண்டிக்குள்ள நடந்துகிட்டே காட்டினான். ஃபிரிட்ஜ், சிங்க், மடக்குற பெட், குட்டி டாய்லெட், ஜன்னலுக்கு வெளியில தண்ணி. பேச்சும் பாண்டிப் பேச்சு, வார்த்தைக்கு வார்த்தை அக்கா. எங்க அத்தையும் வர்றாங்க, முட்டி வலின்னு நான் சொன்னதும் உடனே, "அப்ப மேல் பெட் வேணாங்க்கா, அம்மாவுக்குக் கீழ ஒதுக்கிடுறேன், படி ஏற ஒரு ஸ்டூலும் போடச் சொல்றேன்" அப்படின்னான். அந்த ஸ்டூல்தான். அதுக்கு மேல யாருக்குச் சந்தேகம் வரும்? பெத்த பிள்ளை கூட அவ்வளவு தூரம் யோசிக்காது. வண்டிக்கு 12,000, பார்க் கட்டணம் 3,500, வனத்துறை அனுமதிக்கு 3,000. மொத்தம் 18,500 ரூபாய் அனுப்பினேன். கொஞ்ச நேரத்துல சீல் வச்ச அனுமதிக் கடிதம்னு ஒரு பிடிஎஃப் வந்துச்சு.

காணும் பொங்கலுக்கு மறுநாள் மஞ்சக்குப்பத்துல எங்க தெருவுக்கு வந்தது ஒரு பழைய டெம்போ டிராவலர். ஓரத்துல கேரவன்னு ஸ்டிக்கர். வெள்ளை நம்பர் பிளேட். ஃபிரிட்ஜைத் திறந்தா உள்ள டிரைவரோட சட்டை, சோப்பு டப்பா, ஒரு பாக்கெட் ஊறுகாய். டாய்லெட் மூடியைச் சுத்திப் பிரவுன் டேப் ஒட்டியிருக்கு. கேட்டா, "அது ரிப்பேருங்க, அங்க பார்க்குல இருக்கும்." ஸ்டூலா? அதைப் பத்திக் கேட்கவே வேணாம். பிள்ளைங்க அதுக்குள்ள ஏறி ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட ஆரம்பிச்சாச்சு.

பாண்டி எல்லை முள்ளோடை வர்றதுக்கு முன்னாடி டிரைவர் திரும்பி, "யாராவது நிறுத்திக் கேட்டா சொந்தக்காரங்க வண்டின்னு சொல்லிடுங்க" அப்படின்னார். எங்க வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். வெள்ளை பிளேட்னா சொந்த உபயோகத்துக்குப் பதிஞ்ச வண்டி, அதை வாடகைக்கு விடவே கூடாது. டிரைவரோட வர்ற வாடகை வண்டின்னா மஞ்சள் பிளேட்ல கறுப்பு எழுத்து, நாமே ஓட்டுற வாடகை வண்டின்னா கறுப்பு பிளேட்ல மஞ்சள் எழுத்து. வழியில ஏதாவது ஆகியிருந்தா இன்ஷூரன்ஸ்காரன் கையை விரிச்சிருப்பான்.

ஊசுட்டேரி போய்ச் சேரும்போது வெயில் சாயுது. ஏரி என்னமோ அழகுதான், அதைச் சொல்லியே ஆகணும். இந்த வருஷம் நல்ல தண்ணி, நடுவுல கூட்டம் கூட்டமா பறவை. கரையில பார்க்கும் இல்லை, கரண்ட் பாயிண்ட்டும் இல்லை. ரோந்து வந்த வனத்துறை ஊழியர் ஒருத்தர் வண்டியை நிறுத்தினார். மரியாதையாத்தான் பேசினார். "அம்மா, இது பறவைகள் சரணாலயம். இருட்டினா யாரும் இங்க இருக்கக் கூடாது. அடுப்பு, நெருப்பு, மைக்செட் எதுக்கும் அனுமதி இல்லை." அனுமதிக் கடிதத்தைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துட்டு, "நீங்க நிக்கிறது புதுச்சேரிக் கரை. இதுல தமிழ்நாடு வனத்துறைன்னு போட்டிருக்கு" அப்படின்னார். ஏரி பாதி அவங்களுக்கு, பாதி நமக்கு. புதுச்சேரிப் பகுதி 2008லயே சரணாலயம் ஆயிடுச்சு, தமிழ்நாட்டுப் பகுதியும் அதுக்கப்புறம் ஆயிடுச்சு. எந்தப் பக்கம் போனாலும் ராத்திரி கேரவன் போட முடியாது. இல்லாத அனுமதிக்கு என்கிட்ட 3,000 ரூபாய் வாங்கியிருக்கான்!

டிரைவர் போன்ல பேசிட்டு எங்களை ஒரு காலி லே-அவுட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். மனைக்கல்லும் முள்ளும்தான். கொசு பிய்ச்சு எடுக்குது. அத்தை பாத்ரூம் போகணும்னாங்க. அந்த இருட்டுல பெட்ரோல் பங்க் தேடி அவங்களைக் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போனேன். டிரைவரைத் திட்டவும் மனசு வரலை, "எனக்கு இன்னைக்குச் சம்பளமே இன்னும் வரலைங்க"ன்னு நிக்கிறார். டாக்ஸி பிடிச்சு வீட்டுக்குத் திரும்பிட்டோம். அந்தக் காசை நான் இந்த 18,500ல சேர்க்கவே இல்லை.

அப்புறம் ஆரம்பிச்சது நாடகம். அன்னைக்கு ராத்திரி, "டென்ஷன் ஆகாதீங்கக்கா, காலையில ஜிபே பண்ணிடுறேன்." காலையில, ஓனர் சபரிமலையில இருக்கார், டவர் இல்லை. ஓனர் மலை இறங்கினதும், பேங்க் சர்வர் டவுன். அதுக்கப்புறம் குரலே மாறிடுச்சு. "வண்டி வந்துச்சு, நீங்க ஏறினீங்க, பாதியில இறங்கினது உங்க இஷ்டம். சர்வீஸ் குடுத்தாச்சு." அக்கா போயி மேடம் வந்தாச்சு. வேற ஒரு நம்பர்ல இருந்து ஒரு பொண்ணு பேசி, ரீஃபண்ட் வரணும்னா க்யூஆர் ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்கன்னு சொல்லுது. பணம் வாங்கறதுக்கு எதுக்கும்மா பின்னுன்னு கேட்டதும் கட். இப்ப மெசேஜ் போட்டா ஒரே டிக், டிபியும் காணோம்.

ஆப்காரங்க அதுக்கு மேல. சாட்ல "தங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்"னு ஒரு வரி. பிறகு, பணம் எங்க ஆப்புக்கு வெளியில கட்டப்பட்டிருக்கு, அதனால நாங்க பொறுப்பில்லை, டிக்கெட் குளோஸ்டு. வெளியில அனுப்பினதே உங்க பட்டன்தானேய்யா! ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுத்து அனுப்பினேன். அதுக்கும் அதே வரி. விளம்பரம் இன்னைக்குக் காலையிலயும் ஓடுது, குடியரசு தின லீவுக்கு ஆஃபராம்.

ஸ்டேஷன் கதையையும் சொல்லிடுறேன். அந்தப் பக்கம் போனா, நீங்க கடலூர்ல இருந்து பணம் அனுப்பியிருக்கீங்க, அங்க குடுங்கங்கிறாங்க. இந்தப் பக்கம் வந்தா, சம்பவம் நடந்தது பாண்டியில இல்லையாங்கிறாங்க. ஏரிக்கு இருக்கிற எல்லைதான் என் புகாருக்கும்.

விவரமா சொல்றேன்னேன், தலைவலி மண்டையைப் பிளக்குது, தோணுறதை மட்டும் போடுறேன். வண்டி நம்பர் பிளேட் படம் முதல்லயே கேளுங்க, வெள்ளைன்னா விட்டுடுங்க. சரணாலயத்துல ராத்திரி தங்க அனுமதி வாங்கித் தர்றேன்னு எந்தத் தனியார் சொன்னாலும் அந்த வனத்துறை ஆபீசுக்கே போன் போட்டுக் கேளுங்க. பணம் போயிடுச்சுன்னா உடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்குப் போன் போடுங்க, தாமதிச்சா அவன் எடுத்துடுவான். சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் உதவி நம்பர் 1915. நுகர்வோர் ஆணையத்துல நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் கிடையாது. நான் கடலூர்ல போடப் போறேன்.

இதே பார்ட்டிகிட்ட வேற யாராவது பணம் கட்டியிருந்தா இன்பாக்ஸ்ல வாங்க. அந்த பிடிஎஃப், ரெண்டு போன் நம்பர், யுபிஐ ஐடி எல்லாம் வச்சிருக்கேன். சேர்ந்து குடுத்தா இன்னும் நல்லது.