மாணவர் மியூசிக் வீடியோ: கடைசிவரை கூடவந்த கருவிகளும் பாதியில் கழன்றவையும்

நண்பர்களே எழுதி, மெட்டமைத்து, பாடி, நடித்து, படம்பிடித்து வெளியிடும் பாடல்களுக்கு எடிட்டிங் செய்துவருகிறேன். மாணவனாக இருந்தபோது தொற்றிய வேலை. படிப்பு முடிந்தும் விடவில்லை. இப்போது ஜூனியர்களின் பாடல்களுக்கும் என் லேப்டாப்தான் சூடாகிறது. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றே: "எந்த ஆப்ல எடிட் பண்ணலாம்ணே?"

என்னைக் கேட்டால் அது ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வர வேண்டிய கேள்வி. நிறுவிய ஒரு வாரத்தில் எழுதப்படும் விமர்சனங்கள் நிறையக் கிடைக்கின்றன. நான் எழுதுவது, பல பாடல்களுக்குப் பிறகும் கணினியில் தங்கியிருக்கும் மென்பொருள்களையும் நடுவில் கழற்றிவிட்ட சிலவற்றையும் பற்றி. பளபளப்பான எஃபெக்ட் தருகிற எதுவும் எங்களிடம் நிலைக்கவில்லை. ஒலியைச் சரிசெய்வது, ஃப்ரேம் கணக்கைக் காப்பாற்றுவது, கோப்பைக் கைமாற்றுவது என்று அலுப்பான வேலை பார்க்கிறவைதான் நின்றன.

முதலில் பாட்டு. ஆளுக்கொரு வீட்டில் இருந்துகொண்டு வேலை செய்ய பேண்ட்லேப் கைகொடுத்தது. உலாவியிலும் போனிலும் இலவசமாக இயங்குகிறது; ஒருவர் கீபோர்டு வாசித்து ஏற்றினால் அடுத்தவர் அதே ப்ராஜெக்ட்டில் தன் குரலைச் சேர்க்கலாம். ஒரே நிபந்தனை, பாடும்போது காதில் இருப்பது வயர் ஹெட்போனாக இருக்க வேண்டும். புளூடூத் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பாடினால் தாளம் தள்ளிப்போய்ப் பதிவாகும். இரைச்சல் நீக்கவும் வெட்டி ஒட்டவும் 2000ஆம் ஆண்டிலிருந்தே புழக்கத்தில் இருக்கும் ஆடாசிட்டி போதும். முகப்பு பழசாகத் தெரியும், ஆனால் செய்ய வேண்டியதைச் செய்யும். இரைச்சல் நீக்கியை மட்டும் அளவோடு முடுக்குங்கள். மிஞ்சினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதன் பக்கமாகப் பாடினால் அந்தக் கருவிக்குப் பாதி வேலை குறையும்.

பாட்டின் இறுதி ஒலியைச் சரிசெய்யும் மாஸ்டரிங்கில் எல்லா மாணவக் குழுக்களும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. "நம்ம பாட்டு சத்தமா இருக்கணும்" என்று, ஒலியின் உச்சங்களை அமுக்கும் லிமிட்டரைப் போட்டு நசுக்குவது. யூடியூப் சுமார் −14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) அளவை வைத்துக்கொண்டு அதைத் தாண்டியதை எல்லாம் தானே குறைத்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பதை உயர்த்துவதில்லை. கணினியில் எந்த வீடியோ மீதும் வலது சொடுக்கு போட்டு 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறந்து பாருங்கள். 100% / 69% என்றும் பக்கத்தில் 3.2 டெசிபெல் என்றும் இருந்தால், அந்தப் பாடல் 3.2 டெசிபெல் கூடுதலாக மாஸ்டர் செய்யப்பட்டு, யூடியூப்பால் அவ்வளவும் குறைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். நசுக்கியதில் டிரம்ஸின் உயிர் போனதுதான் மிச்சம். யூலீன் லவுட்னஸ் மீட்டரின் இலவசப் பதிப்பைப் போட்டுப் பார்த்துவிட்டு, உச்சத்தை −1 டெசிபெல்லில் நிறுத்தி, 48 கிலோஹெர்ட்ஸில் சுருக்காத வேவ் கோப்பாக எடுத்துக்கொள்கிறோம். வீடியோவுக்கு 48தான் வழக்கம். அப்புறம் அந்தக் கோப்பை யாரும் தொடக் கூடாது. ஷூட் முடிந்த பிறகு இசையமைப்பாளர் டெம்போவை லேசாகக் கூட்டினால், எடுத்த காட்சியில் ஓர் உதடும் பாட்டோடு சேராது.

படப்பிடிப்பு எங்களுக்குப் போனில்தான். போனோடு வரும் கேமரா ஆப் புத்திசாலி. அந்தப் புத்திசாலித்தனம்தான் தொல்லை. வெளிச்சம் குறைந்தால் நொடிக்கு எடுக்கும் ஃப்ரேம் (தனிப்படம்) எண்ணிக்கையைத் தானே குறைக்கும், முகம் நகர்ந்தால் நிறத்தை மாற்றும். இப்படி ஏறி இறங்கும் ஃப்ரேம் ரேட் உள்ள கோப்பை எடிட்டிங் மென்பொருளில் போட்டால் பல்லவியில் எல்லாம் சரியாகத் தெரியும். இரண்டாவது சரணத்தில் பார்த்தால் உதடு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றி மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்' தேர்ந்தெடுத்து மாற்றினால் பெரும்பாலும் குணமாகும். அதைவிட நல்லது ஷூட்டிலேயே பூட்டிவிடுவது. முன்பு ஓப்பன் கேமரா என்ற ஆப் வைத்திருந்தோம். பிளாக்மேஜிக் கேமரா ஆப் 2023இல் ஐபோனுக்கும் 2024இல் ஆண்ட்ராய்டுக்கும் வந்த பிறகு அதுதான். ஃப்ரேம் ரேட், ஷட்டர் (ஒளி விழும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), வொயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) நான்கையும் பூட்டிவிடலாம். எல்லா ஆண்ட்ராய்டு போன்களிலும் ஓடாது; வாங்கவோ இரவல் கேட்கவோ போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளறை விளக்கில் எடுக்கும்போது பட்டை பட்டையாக ஓடினால் காரணம் மின்சாரத்தின் அலைவெண். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடங்களில் ஷட்டர் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120.

லிப் சிங்க் (பாட்டோடு உதடு சேர்வது) பற்றி ஒரு நுணுக்கம். ஷூட்டில் புளூடூத் ஸ்பீக்கர் வைக்கலாமா என்று பலருக்குப் பயம். பாடுகிறவர் ஸ்பீக்கரில் கேட்பதற்குத்தான் வாயசைக்கிறார், கேமராவும் அதே சத்தத்தைத்தான் பதிவுசெய்கிறது. ஆகவே புளூடூத் தாமதம் ஒன்றும் செய்யாது. கவனிக்க வேண்டியது கேமரா நிற்கும் தூரம். ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. ஸ்பீக்கர் பாடகர் காலடியிலும் கேமரா 10 மீட்டர் தள்ளியும் இருந்தால், சத்தம் கேமராவைச் சேர 29 மில்லிநொடி ஆகும். 30 ஃப்ரேம் வீடியோவில் அது கிட்டத்தட்ட ஒரு ஃப்ரேம். மென்பொருள் ஒலி அலையை வைத்துச் சரியாகப் பொருத்தியும் தூரத்து ஷாட்டில் உதடு மட்டும் கொஞ்சம் முந்துகிற மாதிரி உறுத்துகிறதா? படம் ஒரு ஃப்ரேம் தாமதமாக வரும்படி தள்ளுங்கள், அடங்கிவிடும்.

ஸ்லோ மோஷனில் நடந்தபடி உதடு மட்டும் பாட்டோடு சேர்வதற்கும் ஆடாசிட்டி போதும். சுருதி மாறாமல் டெம்போவை மட்டும் இரட்டிப்பாக்கி ஒரு கோப்பு எடுத்து, அதை ஷூட்டில் ஓடவிட்டு 50 ஃப்ரேமில் எடுங்கள். 25 ஃப்ரேம் டைம்லைனில் பாதி வேகத்தில் ஓடவிட்டால் உடம்பு மிதக்கும், உதடு சரியாக இருக்கும். இரட்டை வேகத்தில் காதல் தோல்விப் பாட்டுக்கு வாயசைக்கும் நண்பனைப் பார்த்துச் சிரிக்காமல் கேமரா பிடிப்பதுதான் கஷ்டம்.

சரி, எடிட்டிங். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்புதான் எங்கள் வீடு. வாட்டர்மார்க் கிடையாது, 4கே அளவில் 60 ஃப்ரேம் வரை ரெண்டர் (இறுதி வீடியோ) எடுக்கலாம், கலர் கிரேடிங்கில் மாணவர்களுக்குத் தேவையானதைவிட நிறையவே இருக்கிறது. பல டேக்குகளை ஒலி அலையை வைத்து ஒரே மல்டிகேம் கிளிப்பாக அடுக்கிவிட்டு, பாட்டை ஓடவிட்டபடி எண் விசைகளைத் தட்டித் தட்டி ஷாட் மாற்றலாம். அந்த ஒரு வசதிக்காகவே நான் இதைவிட்டு நகரவில்லை. ஆனால் இதற்குத் தனி கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கணினி வேண்டும். சுமாரான லேப்டாப் என்றால் ப்ராக்ஸி (எடை குறைந்த மாற்றுப் பிரதி) கோப்புகளை உருவாக்கிக்கொண்டு வேலை செய்ய வேண்டும்; இல்லாவிட்டால் ஒவ்வொரு வெட்டுக்கும் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். லினக்ஸ் இலவசப் பதிப்பில் எச்.264 வடிவ வீடியோக் கோப்புகள் திறப்பதில்லை, மாற்றித்தான் போட வேண்டும். கணினி ரொம்பப் பழையது என்றால் ஷாட்கட் அல்லது கேடென்லைவ். இரண்டும் திறமூலம், இரண்டிலும் முழுப் பாடல் முடித்திருக்கிறோம்.

போன் எடிட்டிங் ஆப்களில் ஒன்று எங்களுக்கு நல்ல பாடம் எடுத்தது. தொடக்கத்தில் எல்லாம் இலவசம். பழகி, டெம்ப்ளேட் எல்லாம் அடுக்கிவைத்த பிறகு ஒவ்வொன்றாகச் சந்தாவுக்குள் போனது. ஒரு நாள் பாதியில் நின்ற பாடலை ரெண்டர் செய்யப்போனால், பயன்படுத்தியிருந்த எஃபெக்டுக்குச் சந்தா கேட்டது. அந்த ப்ராஜெக்ட்டை வேறு எந்த மென்பொருளிலும் திறக்கவும் வழியில்லை. ரீல்ஸ் வெட்ட இப்போதும் போன் ஆப்தான் வேகம். முழுப் பாடலை அதில் ஒப்படைப்பதில்லை.

தமிழ் எழுத்து இன்னொரு தலைவலி. சில மென்பொருள்களின் டைட்டில் கருவியில் 'கொ' என்று தட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம் என்று சிதறி நிற்கும். பழைய எழுத்துரு ஒன்றைப் போட்டு, விசையை மாற்றிமாற்றித் தட்டி ஒப்பேற்றுகிறவர்கள் உண்டு. அப்புறம் ஒரு வரி திருத்த வேண்டியிருந்தால் அவர்களால்கூட முடியாது. நாங்கள் பாடல் வரிகளை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ஒருங்குறியில் (யூனிகோட்) தட்டி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து டைம்லைனில் வைக்கிறோம். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கவிவனார் மூன்றும் திறந்த உரிமத்தில் கிடைப்பவை. கவிவனாரின் கையெழுத்துச் சாயல் மெலடிக்கு அழகு, குத்துப்பாட்டுக்கு ஒட்டாது.

கோப்புப் பரிமாற்றத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, ஆனால் அதிகம் சண்டை வருவது அங்கேதான். கேமரா பிடித்தவர் வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்புவார். நறுக்கென்று எடுத்த ஷாட் குழைந்து வந்து சேரும். அதையே 'டாக்குமென்ட்' என்று அனுப்பினால் 2 ஜிபி வரை தரம் குறையாமல் போகும். கூகுள் டிரைவின் இலவச 15 ஜிபி மெயிலுக்கும் போட்டோவுக்கும் சேர்த்துத்தான், ஆகவே ஷூட் முழுக்க அதில் அடங்காது. இப்போது எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க். போனிலிருந்து அதில் ஏற்றி, இன்னொரு பிரதியும் எடுத்த பிறகுதான் போனில் அழிக்க அனுமதி.

இனி வெளியீடு. ஏற்றுவதற்கு முன் சின்ன உபாயம்: 1080 அளவில் எடிட் செய்திருந்தாலும் 4கே ஆகப் பெரிதாக்கி ரெண்டர் எடுத்து ஏற்றுங்கள். பெரிய அளவுக்கு யூடியூப் நல்ல கோடெக்கும் (வீடியோவைச் சுருக்கும் முறை) கூடுதல் பிட்ரேட்டும் (நொடிக்கான தரவு) தருவதால் புகை, மழை, கூட்டம் உள்ள ஷாட்டுகள் கட்டம் கட்டமாக உடையாமல் இருக்கும்.

ஏற்றும்போது 'Checks' (சரிபார்ப்பு) கட்டத்தில் காப்புரிமை உரிமைகோரல் வந்தால் பதறாதீர்கள். நாங்கள் சொந்தமாக உருவாக்கிய பாடலுக்கே வந்திருக்கிறது. காரணம் அதில் இருந்த இலவச லூப் (திரும்பத் திரும்ப ஓடும் தயார் இசைத்துணுக்கு). அதே லூப்பை வைத்துப் பாடல் செய்த வேறொருவர் தன் பாடலைக் யூடியூப்பின் தானியங்கி உரிமைச் சோதனையான கன்டென்ட் ஐடியில் பதிந்திருந்தார். உரிமைகோரலும் ஸ்ட்ரைக்கும் (சேனல் மீதான தண்டனைப் புள்ளி) ஒன்றல்ல; உரிமைகோரலால் சேனலுக்கு ஆபத்தில்லை, மறுப்புத் தெரிவித்தால் எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். ஆதாரமாக லூப்பின் உரிமப் பக்கத்தைப் பதிவிறக்கிய அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து ப்ராஜெக்ட் கோப்புறையில் போட்டுவைப்பது இப்போது எங்கள் வழக்கம். ஆனால் பிரபலமான பாடலை நீங்கள் திரும்பப் பாடி ஏற்றுவது வேறு விஷயம். அங்கே உரிமை உண்மையிலேயே உங்களுடையது இல்லை.

விளம்பரக் கருவிகளில் எனக்குப் பெரிய ஆசான் யூடியூப் ஸ்டூடியோவின் பார்வையாளர் தக்கவைப்பு வரைபடம்; எந்த நொடியில் எவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டுவது. நண்பர்கள் "செம மச்சி" என்பார்கள்; வரைபடம் முகத்துக்கு நேரே சொல்லும். குழுவின் லோகோ சுழன்று வரும் ஆரம்பத்தில் கோடு செங்குத்தாக இறங்கும். இடையிசையில் நாயகன் சும்மா நடக்கும் இடத்தில் மெல்லச் சரியும். நடன அசைவு உள்ள இடத்தில் மேடு தெரியும், திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். இதைப் பார்த்தபின் லோகோவைக் கடைசிக்குத் தள்ளிவிட்டோம். இப்போது பாட்டு முதல் நொடியிலேயே தொடங்குகிறது. வீடியோவின் கடைசியில் வரும் எண்ட் ஸ்கிரீன் 5 முதல் 20 நொடி வரை என்பதால் அந்த லோகோ அங்கே நன்றாகப் பொருந்துகிறது.

வாட்ஸ்அப் குழுக்களில் லிங்க் போட்டு "லைக் பண்ணுங்க" என்று கெஞ்சுவது எங்கள் அனுபவத்தில் கெடுதல்தான். உறவும் நட்பும் கடமைக்குத் திறந்து, லைக் போட்டு, பத்து நொடியில் மூடிவிடுவார்கள். தக்கவைப்புக் கோடு தரையில் விழும். பாட்டின் நல்ல நாலு வரியை மட்டும் வெட்டி, வரிகளோடு அனுப்பினால் கேட்க விரும்புகிறவர் மட்டும் வருவார். காசு கொடுத்துப் பார்வைகள் வாங்குவது யூடியூப் விதிகளுக்கு எதிரானது. அதைப் பேசக்கூட வேண்டாம். தம்ப்நெயில் சொடுக்கு வீதம் 4% என்று வந்ததும் சோர்ந்துபோகும் ஜூனியர்களுக்கு ஒரு தகவல்: பாதிச் சேனல்களுக்கும் வீடியோக்களுக்கும் அது 2 முதல் 10 சதவீதத்துக்குள்தான் இருக்கிறது என்று யூடியூப்பே சொல்கிறது.

ஷார்ட்ஸ், ரீல்ஸ் இரண்டுக்கும் படுக்கைவாட்டு வீடியோவை நடுவில் வெட்டி ஏற்றினால் இருவர் ஆடும் இடத்தில் நடுவில் சுவர்தான் தெரியும். மனதில் ஒட்டும் ஹூக் வரியை மட்டும் ஷூட்டிலேயே போனைச் செங்குத்தாகப் பிடித்துத் தனியாக ஒரு டேக் எடுத்துவிடுங்கள். முகமும் வரிகளும் திரையின் கீழ்ப்பகுதியில் வேண்டாம், அங்கே பெயரும் பொத்தான்களும் மூடிவிடும். 2024 அக்டோபரிலிருந்து ஷார்ட்ஸ் 3 நிமிடம் வரை போகலாம், ஆனாலும் நாங்கள் பல்லவியோடு நிறுத்திவிடுகிறோம். ஷார்ட்ஸ் விளக்கத்தில் போடும் லிங்க் 2023 ஆகஸ்ட் இறுதியிலிருந்து சொடுக்க வராது. முழுப் பாடலுக்கு ஆளை அனுப்ப ஸ்டூடியோவில் 'ரிலேட்டட் வீடியோ' என்ற இடத்தில் பாடலை இணைக்க வேண்டும். பலருக்கு இது தெரியாமல் ஷார்ட்ஸ் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

போஸ்டருக்கு கேன்வா, அவ்வளவுதான். குறித்த நேரத்தில் எல்லோரும் ஒன்றாகப் பார்க்கும் யூடியூப்பின் ப்ரீமியர் வசதி குழுவின் உற்சாகத்துக்கு நல்லது, எண்ணிக்கைக்கு அதனால் பெரிதாக ஒன்றும் நடந்ததில்லை. பாடல் வரிகளை எஸ்ஆர்டி சப்டைட்டில் கோப்பாகத் தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று ஏற்றுவது அலுப்பான வேலை. ஆனால் தமிழ் தெரியாதவர்களின் கமெண்ட்டுகள் வரத் தொடங்கியது அதன் பிறகுதான்.

பாடல் வெளியானதும் ப்ராஜெக்ட்டை அப்படியே விட்டுவிடாதீர்கள். ரிசால்வில் 'ப்ராஜெக்ட் ஆர்க்கைவ்' கொடுத்தால் பயன்படுத்திய கோப்புகள் எல்லாம் ஒரே கோப்புறையில் சேர்ந்துவிடும். அதோடு குரல் தனி, தாளம் தனி, மற்ற இசை தனி என்று மூன்று வேவ் கோப்புகளையும் போட்டுவையுங்கள். நாள் கழித்து யாராவது மேடையில் பாட வேண்டும், குரல் இல்லாத டிராக் இருக்கிறதா என்று நிச்சயம் கேட்பார்கள்.