பேகர் 288 மாடல்: வாங்கும் முன் அறையை அளந்துவிடுங்கள்

1978-ல் குருப் நிறுவனம் செய்த நிஜ பேகர் 288 நிலக்கரிச் சுரங்க இயந்திரம் 220 மீட்டர் நீளம், 96 மீட்டர் உயரம், 13,500 டன் எடை. இந்த மாடல் எச்ஓ ரயிலுக்கு (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு அளவிலான மாடல் ரயில்) பொருந்தச் செய்தது; 87-ஆல் வகுத்தாலும் இரண்டரை மீட்டர் வரும். "இது வேணுமா, சோபா வேணுமா?" என்று வீட்டம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது.

நெய்வேலியில் வளர்ந்தவன் நான். அங்கே ஓடும் ஜெர்மன் மண்வெட்டி இயந்திரங்களைப் பார்த்த கண்ணுக்கு மாடலின் மண் தோண்டும் வாளிச் சக்கரம்தான் விருந்து. கால் மீட்டர் விட்டம், 18 வாளிகள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் பல் தனியாகத் தெரிகிறது. பித்தளைக் கைப்பிடிகளைத் தொடவே பயமாக இருக்கும், அவ்வளவு மெல்லிசு.

குறை? கம்பி வடத்துக்குப் பதில் கட்டிய நூல் தொய்கிறது. மோட்டார் மிக்ஸி மாதிரி இரைகிறது. பன்னிரண்டு செயின் பட்டைகளும் சும்மா அழகுக்குத்தான், உருளாது. ஒரு புது புல்லட் வாங்கும் காசுக்கு இது அநியாயம்.

மாடல் கிட் செய்யும் ரெவெல் நிறுவனத்தின் 1:200 அளவு பிளாஸ்டிக் கிட் (இதே ரக இயந்திரமான பேகர் 289) எவ்வளவோ மலிவு. ஆனால் எச்ஓ வண்டிக்குப் பக்கத்தில் அது பொருந்தாது. ரயில் இல்லாதவர்கள் அதையே வாங்கலாம்.