சிக்னலில் ஐந்து வருடம்: பதினெட்டுப் பேரில் மிஞ்சியது ஐந்து பேர்

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போகிறது என்ற அறிவிப்பு வந்ததும் எங்கள் குடும்பக் குரூப்பில் ஒரே பரபரப்பு. என் தோழி ஒருத்தியையும் சேர்த்துப் பதினெட்டுப் பேர் ஒரே வாரத்தில், வாட்ஸ்அப் மாதிரியே செய்தி அனுப்பும் சிக்னல் என்ற ஆப்புக்குக் குடிபெயர்ந்தோம். அந்த வருடம் பொங்கல் வாழ்த்து இரண்டு இடத்திலும் வந்து குவிந்தது. மாசி பிறப்பதற்குள் பெரும்பாலோர் பழைய வீட்டுக்கே திரும்பிவிட்டார்கள். நான், அக்கா, அம்மா, அப்பா, அந்தக் கல்லூரித் தோழி, இந்த ஐந்து பேர்தான் அங்கேயே தங்கிவிட்டோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செய்தியைப் பூட்டும் விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. சிக்னல்காரர்கள் உருவாக்கிய அதே மறையாக்க முறையைத்தான் வாட்ஸ்அப்பும் 2016 முதல் எல்லா உரையாடலுக்கும் பயன்படுத்துகிறது. அனுப்புகிறவர் போனில் பூட்டினால் வாங்குகிறவர் போனில்தான் திறக்கும், நடுவில் இருக்கும் சர்வரால் படிக்க முடியாது. டெலிகிராம்தான் ரொம்பப் பாதுகாப்பு என்று என் சித்தப்பா இன்றுவரை சாதிக்கிறார். அங்கே ‘ரகசிய உரையாடல்’ என்று தனியாகத் தொடங்கினால்தான் இந்தப் பூட்டு விழும். குரூப்புகளுக்கு அதுவும் இல்லை.

சிக்னல் வேறுபடுவது, நம்மைப் பற்றி அது எவ்வளவு சேர்த்து வைக்கிறது என்பதில். 2016இல் அமெரிக்காவில் ஒரு நீதிமன்ற உத்தரவு வந்தபோது அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே விவரம்: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். வேறு எதுவும் அவர்கள் கையில் இல்லை. நான் தங்கியதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் தினசரிப் புழக்கத்தில் என்னை மாற்றியது, தானாக மறையும் செய்தி. ஓர் உரையாடலுக்கு ஒரு வாரம் என்று வைத்துவிட்டால், படித்த நேரத்திலிருந்து ஒரு வாரத்தில் அது நம் போனிலிருந்து அழிந்துவிடும். அனுப்பியவர் போனில் அனுப்பிய நேரத்திலிருந்தே கணக்கு ஓடும். அக்காவும் நானும் சொத்து விஷயம், அப்பாவின் கடன் என்று மனம்விட்டுப் பேசுவதெல்லாம் இப்படித்தான்.

அந்த மயக்கத்தில் அம்மாவின் உரையாடலுக்கும் ஒரு வாரம் வைத்துத் தொலைத்தேன். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து அதில்தான் அனுப்பியிருந்தேன். பதினைந்து நாள் கழித்து மருந்துக்கடையில் நின்றுகொண்டு தேடினால் இரண்டு போனிலும் இல்லை. “ரகசியம் காக்கிற ஆப்புன்னு சொன்னே, எனக்கே ரகசியமாயிடுச்சேடி” என்றார் அம்மா. அன்றே அந்த உரையாடலுக்கு அதை நிறுத்தினேன்.

இன்னொரு கூத்து ஒரு கல்யாண மண்டபத்தில். போன் மடியில் கிடக்கிறது. “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேக்கறது ரொம்ப ஜாஸ்தி” என்று அக்காவின் செய்தி பூட்டிய திரையிலேயே பளிச்சென்று வருகிறது. பக்கத்து நாற்காலியில் மாப்பிள்ளையின் அத்தை! எவ்வளவு பெரிய மறையாக்கம் இருந்து என்ன பயன்? அமைப்புகளில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய், பெயரும் செய்தியும் தெரியாதபடி மாற்றிவைத்தேன். சிக்னல் போட்டதும் முதல் வேலையாக இதைச் செய்துவிடுங்கள். அப்புறம் பதிவுப் பூட்டு. நம் சிம்மை யாராவது ஏமாற்றி வாங்கி ஓடிபியைப் பிடித்தாலும், நாம் வைத்த ரகசிய ‘பின்’ (PIN) எண் இல்லாமல் நம் கணக்கைத் தங்கள் போனில் திறக்க அது விடாது. அந்தப் பின் எண்ணை அவ்வப்போது நம்மிடமே கேட்டு நினைவூட்டும். அப்பாவுக்கு அது எரிச்சல்.

ஆரம்பத்தில் அப்பாவின் ஆண்ட்ராய்டு போனில் எஸ்எம்எஸ்ஸும் சிக்னலுக்குள்ளேயே வரும்படி வைத்திருந்தேன். 2022 அக்டோபரில் அந்த வசதியை எடுக்கப்போவதாக அறிவித்தார்கள். எஸ்எம்எஸ்ஸுக்குப் பூட்டே கிடையாது, ஒரே இடத்தில் இரண்டும் வந்தால் மக்கள் குழம்புவார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. சரிதான். வங்கிச் செய்தியும் பாதுகாப்பாக வருகிறது என்றுதான் அப்பா நம்பிக்கொண்டிருந்தார்.

என் பெரிய இழப்பு 2023இல். போன் தண்ணீர் வாளியில் விழுந்தது. இரண்டு வருட உரையாடல் போயிற்று. ஆண்ட்ராய்டில் பேக்கப் எடுக்க 30 இலக்கக் கடவுச்சொல் ஒன்று தருவார்கள். அதை எங்கும் எழுதி வைக்கவில்லை, பேக்கப் கோப்பையும் அதே போனிலேயே விட்டிருந்தேன். யாரைக் குறை சொல்ல? 2025 செப்டம்பரில் அவர்களே மறையாக்கம் செய்த பேக்கப்பைத் தங்கள் சர்வரில் வைக்கும் வசதியைச் சோதனைப் பதிப்பில் கொண்டுவந்தார்கள். இதற்குச் சாவி 64 எழுத்து. இந்த முறை ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வைத்திருக்கிறேன்.

2024இல் வந்த பயனர் பெயர் எனக்கு நிஜமாகவே உதவியது. ஆன்லைனில் வீணை சொல்லித் தருகிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளின் பெற்றோருக்குப் போன் எண்ணைக் கொடுக்காமல் அந்தப் பெயரை மட்டும் கொடுத்தால் போதும். கணக்குத் தொடங்க மட்டும் எண் கட்டாயம் வேண்டும். பாதிப் பேர் “வாட்ஸ்அப் இல்லையா மேடம்?” என்றுதான் கேட்கிறார்கள். அவர்களுக்காக அதையும் வைத்திருக்கிறேன்.