பெட்ரோல் நிறுவனத்தை மாற்றினால் மைலேஜ் மாறுமா? ஏழு ஆண்டுக் குறிப்பேடு சொல்வது

2018 நவம்பரில் வாங்கிய மாருதி சுசுகி ஸ்விஃப்ட் பெட்ரோல் காரை இதுவரை 94,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். பெரும்பகுதி, வாரத்தில் இரண்டு நாட்கள் மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்கு நான்குவழிச் சாலையில் போய்வந்த ஓட்டம். வாங்கிய புதிதில், இன்ன நிறுவனத்தின் பெட்ரோலைப் போட்டால் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைக்கும் என்று அலுவலக நண்பர்கள் ஆளுக்கொரு பெயரைச் சொன்னார்கள். நானே அளந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்றிலும் தலா பத்து டேங்க் தொடர்ச்சியாக நிரப்பினேன். நிறுவனம் மாறும்போது பழைய பெட்ரோல் கலந்திருக்கும் என்பதால் முதல் டேங்கைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரே பெட்ரோல் பங்கில், ஒரே இயந்திரத்தில், நாசில் முதல் முறை தானாக நின்றவுடன் நிறுத்திவிட்டு, ஓடிய தூரத்தைப் பில்லில் உள்ள லிட்டரால் வகுத்து எழுதி வந்தேன். சில்லறையைச் சரிசெய்வதற்காக ஊழியர் மேலும் கொஞ்சம் ஊற்றினால்கூட அந்த டேங்கின் கணக்கு கெட்டுவிடும்.

மூன்று நிறுவனங்களின் சராசரியும் 18.7க்கும் 19.1க்கும் இடையில் அடங்கின. ஆனால் ஒரே நிறுவனத்தின் பத்து டேங்க்குகளுக்குள்ளேயே 17.8 முதல் 20 வரை ஏற்ற இறக்கம் இருந்தது. சித்திரை வெயிலில் ஏசியை முழுவீச்சில் வைத்து ஓட்டிய வாரமும், மார்கழியில் அதிகாலையில் புறப்பட்ட வாரமும் காட்டிய வேறுபாட்டின் முன்னே நிறுவனங்களுக்கிடையிலான வேறுபாடு ஒரு பொருட்டே அல்ல.

காரணத்தைத் தேடியபோது இது வியப்பளிக்கவில்லை. சாதாரண பெட்ரோலுக்கான தரநிலை எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றே. அதோடு, ஒரு நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலையிலோ கிடங்கிலோ இருந்து மற்றொரு நிறுவனம் பெட்ரோலை எடுத்து விற்பதும் நெடுங்கால நடைமுறை. எனவே பங்கின் பெயர்ப்பலகையை மட்டும் வைத்து, உள்ளே இருப்பது எந்த ஆலையின் பெட்ரோல் என்று சொல்லிவிட முடியாது.

நிறுவனத்தைவிடப் பங்கு முக்கியம் என்பதை ஓர் அனுபவம் உணர்த்தியது. ஊருக்கு வெளியே ஒரு பங்கில் நிரப்பிய மூன்று முறையும் கணக்கு 18.4ஐத் தாண்டவில்லை. ஐந்து லிட்டர் அளவுக் கலனில் பிடித்துக் காட்டச் சொன்னேன். 90 மில்லி குறைந்தது. அனுமதிக்கப்பட்ட பிழை 25 மில்லிதான். என் கார் கூடுதலாகக் குடிக்கவில்லை, பில்லில் இருந்த அளவு டேங்குக்குள் வந்து சேரவில்லை. இப்படி அளந்து காட்டச் சொல்வது வாடிக்கையாளரின் உரிமை என்பதைப் பலர் அறியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

95 ஆக்டேன் பெட்ரோலையும் ஐந்து டேங்க் போட்டுப் பார்த்தேன், சராசரி 19. ஆக்டேன் எண் என்பது எஞ்சினில் நாக்கிங் (எரிபொருள் தானாகவே பற்றிக்கொண்டு தட்டும் ஓசை எழுவது) வராமல் தாங்கும் திறனைக் குறிப்பதே தவிர, லிட்டருக்குள் இருக்கும் ஆற்றலைக் குறிப்பதன்று. 91 ஆக்டேனுக்கு அமைக்கப்பட்ட எஞ்சினுக்குக் கூடுதல் விலை கொடுத்ததால் மைலேஜில் ஒரு பலனும் இல்லை.

உண்மையான சரிவு வந்தது, பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால் என்ற ஆல்கஹாலால். 2022இல் நாடு 10 சதவீதக் கலப்பை எட்டியது. 2025இல் 20 சதவீதம் ஆனது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. என் கடைசிப் பன்னிரண்டு டேங்க்குகளின் சராசரி 18.1. காரின் வயதும் இதில் சிறிது சேர்ந்திருக்கலாம். ஆனால் டயரும் ஏர் ஃபில்டரும் புதியவை, சர்வீஸ் ஒன்றையும் தவறவிடவில்லை. 20 சதவீதக் கலப்பால், எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டுத் திட்ட அறிக்கையே சொல்கிறது. இந்த இழப்பு எந்த நிறுவனத்தின் பங்குக்குப் போனாலும் கூடவே வரும்.

டயர் காற்றழுத்தத்தை மாதம் இருமுறை பார்க்கத் தொடங்கியதில் எனக்குக் கிடைத்த லாபம், மூன்று நிறுவனங்களுக்கிடையே நான் கண்ட வேறுபாட்டைவிட அதிகம். இப்போது பைபாஸ் அருகே ஒரே பங்கில்தான் நிரப்புகிறேன். அங்கே அளவுக் கலனைக் கேட்டால் முகம் சுளிக்காமல் எடுத்து வருகிறார்கள்.