பிளாஸ்மா டெக்னீஷியன் வேலை: துவாஸ் யார்டா, உட்லண்ட்ஸ் ஃபேபா?

சிங்கப்பூரில் பிளாஸ்மா டெக்னீஷியன் தேவை என்று விளம்பரம் வந்தால், சம்பளத்துக்கு முன்னால் முகவரியைப் பாருங்கள். இங்கே பிளாஸ்மா என்பது ரத்தத்தில் உள்ளது அல்ல, மின்சாரத்தால் ஒளிரும் வாயு. துவாஸ், பெனாய், பயனியர் பக்கம் என்றால் அநேகமாகக் கப்பல் பட்டறையில் (யார்டு) இரும்புத் தகடு வெட்டும் வேலை. உட்லண்ட்ஸ், தெம்பனிஸ், பாசிர் ரிஸ் வேஃபர் ஃபேப் (சிப் தயாரிக்கும் ஆலை) பூங்காக்கள் என்றால், சிப் உருவாகும் மெல்லிய சிலிக்கான் வட்டான வேஃபரைச் செதுக்கும் எட்ச் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை. இரண்டுக்கும் மனு போடுகிற நம் பிள்ளைகள் நிறைய பேர். ஆனால் ஒன்றில் கெட்டிக்காரராக இருப்பவர் மற்றொன்றில் திணறிப்போவதும் உண்டு.

காரணம் இதுதான். யார்டில் தப்பு நடந்தால் அடுத்த நிமிடமே வெட்டு முகத்தில் தெரியும். ஃபேபில் தப்பு நடந்தால் சில மணி நேரம் கழித்து, ஒரு அளவீட்டுத் திரையில் எண்ணாகத் தெரியும். கண்ணும் காதும் கொண்டு பழுதைப் பிடிப்பவரா நீங்கள், எண்ணையும் வரைபடத்தையும் வைத்துப் பிடிப்பவரா? தேர்வு அங்கேதான் தொடங்குகிறது.

யார்டு வேலையில் என்ன தெரிய வேண்டும்

தகடு வெட்டும் டார்ச்சில் காற்றோ ஆக்சிஜனோ மெல்லிய நாசில் துளை வழியாகப் பாய்கிறது. அதன் நடுவே மின்வில் எரிகிறது. வெப்பம் 20,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கையில் பிடிக்கும் சிறிய மெஷின்கள் குறைந்த ஆம்பியரில் ஓடும். கணினி டார்ச்சை நகர்த்தும் பெரிய சிஎன்சி மேசைகளில் 300, 400 ஆம்பியர் வரை போகும்.

பட்டன் அழுத்துவதை ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். வெட்டு முகத்தைப் படிப்பதுதான் தொழில். தகட்டின் அடியில் கசடு (உருகி உறைந்த இரும்பு) தடித்து, உருண்டையாக, சுத்தியால் தட்டினால் உதிர்வதாக இருந்தால் வேகம் போதவில்லை. கசடு மெல்லிய மணிக்கோடாக, கிரைண்டர் இல்லாமல் போகாத அளவுக்குக் கெட்டியாக ஒட்டியிருந்தால் வேகம் அதிகம். புதியவர்கள் எந்தக் கசடைக் கண்டாலும் ஆம்பியரை ஏற்றுவார்கள். அதில் நாசில்தான் சீக்கிரம் போகும். முதலில் வேகம், அடுத்து டார்ச் உயரம், பிறகு நாசில், எலக்ட்ரோடு (டார்ச்சுக்குள் வில் பிறக்கும் முனை), கடைசியில்தான் ஆம்பியர். கை டார்ச்சில் இன்னும் எளிய சோதனை இருக்கிறது. தகட்டின் கீழே தீப்பொறி நேர்க்கீழாக விழாமல், நகரும் திசைக்கு எதிராக 15 முதல் 30 டிகிரி சாய்ந்து பறந்தால் வேகம் சரி. பொறி மேலே தெறித்தால் தகடு முழுக்க வெட்டுப்படவில்லை.

எலக்ட்ரோடு செம்பு, நுனியில் ஹாஃப்னியம் மணி பதித்திருக்கும். ஒவ்வொரு முறை வில் பற்றும்போதும் அணையும்போதும் அந்த மணி கொஞ்சம் கரைந்து குழி விழும். பல மெஷின்களில் குழி 1 மில்லிமீட்டர் ஆனதும் மாற்ற வேண்டும். சில கை டார்ச்சுகளில் 1.6 வரை விடுவார்கள். உங்கள் மெஷினின் கையேட்டில் இருக்கும் எண்தான் கணக்கு. "இன்னும் வெட்டுதே அண்ணே" என்று ஓட்டினால், ஹாஃப்னியம் தீர்ந்து வில் செம்பைப் பிடிக்கும். எலக்ட்ரோடு வெடித்து, நாசிலோடு டார்ச் தலையும் சேர்ந்து போகும்.

தேய்ந்த எலக்ட்ரோடு வேறொரு வேலையும் செய்யும். சிஎன்சி மேசையில் டார்ச் உயரத்தை வில்லின் வோல்டேஜ் கட்டுப்படுத்துகிறது. குழி ஆழமாக ஆக வில் நீள்கிறது, அதே உயரத்திலேயே வோல்டேஜ் ஏறுகிறது. டார்ச் மேலே போய்விட்டது என்று கன்ட்ரோலர் நினைத்து அதைக் கீழே இறக்கும். டார்ச் தகட்டில் உரசுவதைப் பார்த்ததும் மோட்டாரைச் சந்தேகிக்காதீர்கள். முதலில் எலக்ட்ரோடைக் கழற்றிப் பாருங்கள்.

துளையிடும் உயரம் வெட்டும் உயரத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். தாழ்வாக வைத்துத் துளையிட்டால் உருகிய இரும்பு மேலே தெறித்து, டார்ச் முனையை மூடிக் காக்கும் ஷீல்டை அடைக்கும். பிறகு வில் ஒருபக்கம் இழுத்து, வெட்டு சரிந்து வரும். வாயு சுழல்வதால் டார்ச் போகும் திசைக்கு வலப்பக்கம்தான் நேரான முகம் கிடைக்கும். ஆகவே வெளிவிளிம்பைக் கடிகார திசையிலும், உள்துளைகளை எதிர்த்திசையிலும் வெட்டுவது வழக்கம். புரோகிராமில் திசை தலைகீழாக இருந்தால், அன்று வெட்டிய பாகங்கள் அத்தனையும் சரிந்த முகத்தோடு வெல்டரிடம் போகும்.

சிங்கப்பூரில் கூடுதலாக ஒரு எதிரி உண்டு: ஈரக் காற்று. கம்ப்ரசர் அந்த ஈரத்தை அப்படியே விழுங்குகிறது. டிரையர் சரியாக வேலை செய்யாவிட்டால் தண்ணீர் டார்ச் வரை வந்து, எலக்ட்ரோடின் ஆயுளைப் பாதியில் முடித்துவிடும். மெஷின் நின்றிருக்கும்போது, வாயு மட்டும் பாயும் நிலையில் டார்ச் முனைக்கு எதிரே ஒரு கண்ணாடியைச் சில விநாடி பிடியுங்கள். மூடுபனி போலப் படர்ந்தால் டிரையரையும் வடிகட்டியையும் பார்க்க வேண்டும். காற்று வரத்து 6 பார் அளவில் நிலையாக இருக்க வேண்டும். பக்கத்தில் கிரிட் பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் துகள் அடித்துத் துருவை நீக்குவது) தொடங்கியதும் அழுத்தம் சரிந்தால், வில் தடுமாறுவதற்கு அதுவே காரணம். மின்சுற்றைத் தகட்டோடு இணைக்கும் எர்த் கிளாம்பைப் பெயின்ட் மேல் மாட்டக்கூடாது, வெட்டி விழப்போகும் துண்டிலும் மாட்டக்கூடாது.

ஃபேபில் அதே பிளாஸ்மா என்ன செய்கிறது

இங்கே மின்வில் கிடையாது. வேஃபர் இருக்கும் மூடிய அறையான சேம்பரைக் காலி செய்து, சில மில்லிடார் (அழுத்த அலகான டாரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முதல் 100 மில்லிடார் வரை அழுத்தத்தில் வைத்து, 13.56 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையால் வாயுவை ஒளிரச் செய்கிறார்கள். வளிமண்டல அழுத்தம் 760 டார் என்பதை நினைத்தால், உள்ளே எவ்வளவு கொஞ்சம் வாயு என்று புரியும். குளோரின், ஹைட்ரஜன் புரோமைடு, ஃபுளோரின் கலந்த வாயுக்கள் வேஃபரின் மேல்படலத்தை நானோமீட்டர் கணக்கில் அரிக்கின்றன.

டெக்னீஷியனின் நாளில் பெரும்பகுதி பராமரிப்புக்குப் போகும். ரேடியோ மின்சாரம் ஓடிய மணிக்கணக்கு வரம்பைத் தொட்டதும் சேம்பரைத் திறந்து கழுவ வேண்டும். திறப்பதற்கு முன் நைட்ரஜனை நிரப்பி உறிஞ்சுவதைச் செய்முறையில் சொன்ன தடவை செய்தாக வேண்டும். சுவரில் படிந்த குளோரின் எச்சம் வெளிக்காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிறது. மூக்கு எரியும், உலோகம் அரிக்கும். அவசரத்தில் இரண்டு சுற்றைக் குறைப்பவரோடு ஒரே சேம்பரில் வேலை செய்யாதீர்கள். இதைக் கண்டிப்பாகவே சொல்கிறோம்.

உள்ளே சுவரைக் காக்கும் லைனர், வாயு தெளிக்கும் ஷவர்ஹெட், வேஃபரைச் சுற்றியுள்ள ஃபோகஸ் ரிங், வேஃபரை மின்விசையால் பிடித்துவைக்கும் சக் எல்லாம் இருக்கும். ஃபோகஸ் ரிங் சிலிக்கானோ குவார்ட்ஸோ. அதையும் பிளாஸ்மா அரிக்கும். அது தேயும்போது வேஃபரின் நடுப்பகுதி ஒழுங்காக இருக்க, விளிம்பு மட்டும் அளவு மாறும். யார்டின் ஹாஃப்னியம் குழிக்கு இதுதான் ஜோடி: எந்தப் பிளாஸ்மாவும் தன்னைத் தாங்கும் பாகத்தைத் தின்னும். அங்கே எலக்ட்ரோடைக் கழற்றி நகத்தால் தொட்டுப் பார்க்கிறீர்கள். இங்கே விளிம்பு எண்கள் நகர்வதை வைத்து ஊகிக்கிறீர்கள்.

கழுவிய பிறகு பூட்டுவதில்தான் கைத்திறன் தெரியும். கசிவைத் தடுக்கும் வளையமான ஓ-ரிங்கில் ஒரு நூலிழை ஒட்டியிருந்தாலும் கசியும். மூடியின் போல்ட்டுகளை எதிரெதிராக, நட்சத்திர வரிசையில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். ஒரே பக்கமாக இறுக்கினால் சீல் சாய்ந்து உட்காரும். அடுத்து கசிவுச் சோதனை: பம்ப் வால்வை மூடிவிட்டு அழுத்தம் ஏறும் வேகத்தைப் பார்ப்பது. பல சேம்பர்களில் நிமிடத்துக்கு 1 அல்லது 2 மில்லிடாருக்கு மேல் ஏறக்கூடாது. ஏறினால் உடனே கசிவு என்று முடிவு கட்டாதீர்கள். கழுவிய ஈரம் சுவரிலிருந்து வெளியேறினாலும் ஏறும். ஈரம் என்றால் நேரம் போகப்போக ஏற்றம் தணியும். கசிவு என்றால் ஒரே சாய்வில் ஏறிக்கொண்டே போகும். இந்த இரண்டு கோடுகளையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரை எந்த ஃபேபும் விடாது.

சேம்பர் ஏற்காமல் திரும்பி வரும் ரேடியோ மின்சாரம் இன்னொரு முக்கியமான எண். அனுப்புவது 1,000 வாட் என்றால் திரும்புவது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். எகிறினால், மின்சாரத்தைச் சேம்பருக்கு இசைவாக்கும் மேட்ச் பெட்டியின் கெப்பாசிட்டர் மோட்டார், தளர்ந்த கேபிள் முனை, தப்பாகப் பூட்டிய கேஸ்கெட், தவறிய வாயு அளவு என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். நேற்று சேம்பரைத் திறந்திருந்தால் நேற்றுத் தொட்ட இடத்திலிருந்தே தொடங்குங்கள். வேஃபரைக் குளிர்விக்க அதன் பின்புறம் செல்லும் ஹீலியத்தின் கசிவு கூடினால், சக்கின் மேல் தூசி இருக்கிறது அல்லது சக்கே தேய்ந்துவிட்டது.

உடம்புக்கும் உயிருக்கும்

யார்டு வெளிப்படையாகக் கடினமானது. வெயில், சத்தம், புகை. துத்தநாக பிரைமர் பூசிய தகட்டை வெட்டினால் வரும் புகையில் மாலையில் காய்ச்சல் அடிக்கும். ஸ்டெயின்லெஸ் வெட்டினால் புகையில் ஆறிணைதிறக் குரோமியம் (குரோமியத்தின் நச்சு வடிவம்) வரும், அது புற்றுநோய்க் காரணி. துணி மாஸ்க் இதற்கெல்லாம் பயன்படாது. புகையுறிஞ்சியும் பொருத்தமான வடிகட்டியுள்ள மாஸ்க்கும் வேண்டும். 40 முதல் 60 ஆம்பியருக்கு 6-ஆம் எண் கருங்கண்ணாடி போதும். 60-க்கு மேல் 8-க்குக் குறையக்கூடாது. அலுமினியத்தைத் தண்ணீர் மேசையில் வெட்டினால் தகட்டின் அடியில் ஹைட்ரஜன் தேங்கி வெடிக்கும் ஆபத்து உண்டு. கப்பலின் டாங்குக்குள் வெட்டுவதென்றால் ஹாட் ஒர்க் பெர்மிட் (தீப்பொறி வரும் வேலைக்கான எழுத்து அனுமதி) இல்லாமல் டார்ச்சைத் தொடக்கூடாது. ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள், எரிவாயு அதன் கீழ் வெடிப்பு வரம்பில் (தீப்பற்றத் தேவையான குறைந்தபட்ச அளவில்) 10 சதவீதத்துக்குக் கீழ் என்று அளந்து எழுதியிருக்க வேண்டும். காலையில் எடுத்த அளவு சாப்பாட்டுக்குப் பின் செல்லாது என்றே நடந்துகொள்ளுங்கள்.

ஃபேபில் குளிரூட்டிய அறை, தலை முதல் கால் வரை வெள்ளை உடை. ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது: நச்சு வாயு, உயர் மின்சாரம், ரேடியோ அலைத் தீக்காயம். பவுடர், மை, வாசனைத் திரவியம் எதுவும் ஆகாது. காலையில் பூசிய திருநீறும் உள்ளே போகும்முன் கழுவப்பட வேண்டும், அத்தனையும் துகள். 12 மணி நேர ஷிஃப்ட் பரவலானது, இரவும் பகலும் மாறி வரும். தூக்கம் கெடுவதைத் தாங்க முடியாதவர் இதைக் குறைத்து எடைபோட வேண்டாம்.

பாஸும் படிப்பும்

ஊரிலிருந்து வருபவருக்கு வழியே வேறாகிறது. கப்பல் பட்டறைத் துறையில் இந்தியர்களுக்கு ஒர்க் பெர்மிட் கிடைக்கும். தயாரிப்புத் துறையில் அது குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டுமே. ஆகவே ஃபேப் டெக்னீஷியனாக வருவதற்குப் பெரும்பாலும் எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் ஊழியருக்கான வேலை அனுமதி)தான் வழி. செப்டம்பர் 2025 முதல் புதிய மனுக்களுக்கு அதன் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), வயது கூடினால் அதற்கும் மேல். டிப்ளமா, அனுபவச் சான்றிதழ் இரண்டும் கேட்பார்கள். ஏஜெண்டுக்குப் பணம் கட்டும் முன் எந்தப் பாஸ், எந்தத் துறை என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஃபேபின் வாசல் அகலம். தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் மெக்கட்ரானிக்ஸ், பலதுறைத் தொழிற்கல்லூரியின் மின்னணுவியல் படிப்புகள் நேரே அங்கே கொண்டுபோகும். 40 வயதைக் கடந்த குடிமக்கள் துறை மாற நினைத்தால், மே 2024-இல் அரசின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் திட்டத்தில் கொடுத்த 4,000 வெள்ளியைத் தகுதியுள்ள பயிற்சிகளுக்குப் பயன்படுத்தலாம்.

எங்கள் தீர்ப்பு: டிப்ளமா இல்லை, கை நன்றாக ஓடும், வரைபடம் படிக்கத் தெரியும் என்றால் யார்டு சிஎன்சி மேசையே நல்லது. நெஸ்டிங் புரோகிராமும் (தகடு வீணாகாமல் பாகங்களை அடுக்குவது) சேர்த்துக் கற்றால் இரண்டு மூன்று ஆண்டில் மேசைக்குப் பொறுப்பாளராகலாம். டிப்ளமா இருந்து, ஒரு செய்முறையை நூறாவது தடவையும் வரி பிசகாமல் செய்யும் பொறுமை இருந்தால் ஃபேப். சொந்த யோசனையில் ஒரு படியை மாற்றிப் பார்க்கும் பழக்கம் யார்டில் பாராட்டு வாங்கித் தரும். ஃபேபில் அது ஒரு லாட் (ஒரு தொகுதி) வேஃபரைக் குப்பையில் போடும்.

யார்டிலிருந்து ஃபேபுக்கு மாற விரும்புபவர்கள் வெற்றிடத் தொழில்நுட்பத்தை முதலில் படியுங்கள்: பம்ப் வகைகள், அழுத்தமானிகள், ஹீலியம் கசிவு கண்டறிதல். வாயுவும் மின்சாரமும் உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம். நேர்முகத்தில் அவர்களையும் கேளுங்கள். யார்டில்: காற்று டிரையர் இருக்கிறதா, கன்ஸ்யூமபிள் (நாசில், எலக்ட்ரோடு போன்ற தேயும் பாகங்கள்) மாற்றும் முடிவு யாருடையது, புகையுறிஞ்சி மேசையோடு வருகிறதா? ஃபேபில்: வேலை கழுவிப் பூட்டுவது மட்டுமா, பழுது கண்டறிவதும் உண்டா, ஷிஃப்ட் எப்படிச் சுழல்கிறது, முதல் ஆறு மாதம் யாருக்குக் கீழே?