கல்லா, சவுக்கா, கண்டலா?

கடல் ஏறுகிறது, புயல் வலுக்கிறது. கரையோர ஊரைக் காக்கத் தமிழகத்தில் வழக்கமாகக் கையில் எடுப்பவை மூன்று: பாறாங்கல் கொட்டுவது, சவுக்கு நடுவது, கண்டல் என்னும் அலையாத்தி மரங்களை வளர்ப்பது. ஊருக்கு என்ன லாபம் என்று மட்டும் பார்த்தால் ஒரு கணக்கு வரும். அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் உயிர்களையும் சேர்த்தால் வேறு கணக்கு.

கல் கொட்டினால் பலன் உடனே கண்ணில் படும். வாசல்வரை அலை வந்துவிட்டவர்கள் அதைக் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் கிழக்குக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவில் கடலுக்குள் நீளும் கல்சுவரான தூண்டில் வளைவு போட்டால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்தபின் மெரினா அகன்றதும் ராயபுரம் தேய்ந்ததும் இப்படித்தான். பங்குனி ஆமையின் பாடு இன்னும் மோசம். இரவில் முட்டையிட ஏறிவரும் ஆமை கல்லில் முட்டிக்கொண்டு திரும்பிப்போகும். இல்லையென்றால் அலை எட்டும் ஈரமணலிலேயே குழி பறிக்கும். அந்த முட்டைகள் தேறுவது அரிது.

சவுக்கை 2004 சுனாமிக்குப் பிறகு நிறையவே நட்டார்கள். சீக்கிரம் வளரும், காற்றைத் தாங்கும், கழிக்கும் விறகுக்கும் காசு வரும். ஆனால் உதிரும் சருகு மெத்தையாகப் படிந்து, அடியில் வேறெதையும் எளிதில் முளைக்க விடாது. அலைவாயை ஒட்டி நட்டால் ஆமை குழி பறிக்கும் இடமெல்லாம் வேர். 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்பார்கள். மணல்மேட்டைக் கட்டிப் பிடித்து வைத்திருப்பதே அந்தக் கொடியும் ராவணன் மீசைப் புல்லும்தான். சவுக்கு நட அந்த மேட்டைச் சமன் செய்வது, இருந்த அரணை நாமே இடிப்பது.

கண்டலுக்குப் பிச்சாவரமே சாட்சி. சுனாமியின்போது அதன் பின்னாலிருந்த ஊர்களில் சேதம் குறைவு. இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்வது அந்த வேர்களுக்கிடையில். முன்பு மொத்தமாக வெட்டிய இடங்களில் தரை தாழ்ந்து, ஓதநீர் தேங்கி, உப்பேறிப் பாழானது. மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நீரோட்டம் கொடுத்த பிறகே திரும்பத் துளிர்த்தது. ஆனாலும் திறந்த மணற்கரையில் கண்டல் நிற்காது. வெறும் சேற்றுவெளியெல்லாம் நட்டு நிரப்பினால் அங்கே இரை பொறுக்கும் உள்ளான் பறவைகளுக்கு இடம் போய்விடும்.

என் தேர்வு: முகத்துவாரச் சேற்றில் கண்டல், போட்டியே இல்லை. மணற்கரையில் அடம்பனும் புல்லும் முன்னே; சவுக்கு வேண்டுமானால் நன்றாகத் தள்ளிப் பின்னே. கல், வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும். சிக்கல் எங்கே என்றால், மணல்மேடு பின்வாங்க இடம் வேண்டும். அந்த இடத்தில் இப்போது சாலையும் சொகுசு விடுதிகளும் நிற்கின்றன.